கடுகளவு சிவப்புப் பசை

என் மேசை இழுப்பறையில், பழைய மாத்திரை டப்பா ஒன்றில், கடுகளவு சிவப்புப் பசை காய்ந்து கிடக்கிறது. ஒரு திருகாணியின் தலையோரத்திலிருந்து நானே சுரண்டி எடுத்தது.

கும்மிடிப்பூண்டியில், சமையலறைப் புகையை வெளியேற்றும் விசிறிகள் செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அறிக்கையின் அடியில் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு முறையும் முதுகு தானாக நிமிரும். அந்த ஆண்டுதான் முதன்முதலாக ஐரோப்பாவுக்கு அனுப்பவிருந்தோம். அங்குள்ள வாடிக்கையாளர் காட்டிய விதிகளின்படி, விசிறி மின்சாரத்தைக் குறைவாக இழுத்தால் மட்டும் போதாது. பழுதானால் சாதாரணத் திருப்புளியால் திறந்து பாகத்தை மாற்றவும் முடிய வேண்டும்.

மாதிரி விசிறியைத் திறக்கப் பார்த்தேன். ஒரு திருகாணிகூட அசையவில்லை. நான்காவதன் தலையே மழுங்கிவிட்டது. எல்லாவற்றையும் சிவப்புப் பசை ஒன்று இறுக்கிப் பிடித்திருந்தது. வரைபடத்தில் இல்லாத பசை அது.

வைத்தவர் லைன் அக்கா. பூட்டும் வரிசையில் எல்லோருக்கும் மூத்தவர், ஒப்பந்தத் தொழிலாளி. எப்போதோ அவர் பூட்டிய விசிறி ஒன்று அதிர்ந்து கழன்று திரும்பி வந்ததாம். அன்றிலிருந்து யாரும் சொல்லாமலே திருகாணிக்கு ஒரு சொட்டு வைத்துவந்தார்.

உண்மையை எழுதினால் அவர் வேலை போய்விடும் என்று பயந்தேன். திருகாணி தரமில்லை என்று எழுதிவிடட்டுமா என்று சாப்பாட்டு நேரத்தில் அவரிடமே கேட்டேன். தயிர்சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார்.

"நான் வச்சதுக்கு ஸ்க்ரூ இன்னா பண்ணும்? என் பேர போட்டே எழுது. பொய்க் கையெழுத்து போடவா உங்க நைனா உன்ன படிக்க வச்சாரு?"

கொஞ்சம் பொறுத்து, "எங்க ஊட்டு மிக்சிய கயட்ட முடியலன்னு கடைக்காரன் தூக்கிப் போடச் சொன்னான். அவன திட்டிட்டு வந்து, இங்க நானே அதத்தான் பண்ணிக்கினு இருக்கறேன்" என்றார்.

எழுதிவிட்டேன். மேலாளர் கத்தி ஓயும்வரை நின்ற அக்கா, ஒரே ஒரு நாள் அவகாசம் கேட்டார். பசைக்குப் பதில், திருகாணி தளராமல் பிடிக்கும் ஸ்பிரிங் வாஷர் போட்டுப் பூட்டினார். நாள் முழுக்க அதிர்வு மேசையில் ஆட்டினேன், எதுவும் தளரவில்லை. திருப்புளி வைத்ததும் திறந்துகொண்டது. ஆர்டரும் தப்பியது, அக்காவின் வேலையும் தப்பியது.

இன்று ஒவ்வொரு பெட்டியிலும் திறக்கும் முறையைக் காட்டும் தாள் ஒன்று போகிறது. அதன் படங்களில் இருப்பவை அக்காவின் கைகள். புதிதாகச் சேரும் பெண்கள் என் டப்பாவைக் குலுக்கி, என்ன மாத்திரை இது என்று கேட்பார்கள். அக்கா அந்தப் பக்கம் வந்தால் அவரே பதில் சொல்லிவிடுவார்:

"அது நான் போட்ட கையெழுத்தும்மா. ரொம்ப அழுத்திப் போட்டுட்டேன்."