ஊரில் மிச்சமிருந்த ஒரு வக்கீல்

நல்ல வக்கீல் ஒருத்தரைச் சொல்லு என்று உறவில் யாராவது கேட்டால், அவள் இப்போதும் பேச்சை மாற்றப் பார்ப்பாள். விசாரித்துச் சொல்கிறேன் என்று நழுவிவிடுவாள். வெளி வக்கீல்களைத் தேர்ந்தெடுப்பதும் கட்டி மேய்ப்பதுமே தொழிலாக இருப்பவளுக்கு இது என்ன கிராக்கி என்று சொந்தக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

பெரிய நிறுவனமொன்றின் சட்டப் பிரிவில் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர். முதல் சந்திப்பில் வாய் கிழியப் பேசும் பெரிய வக்கீலை அவள் கண்டுகொள்ளவே மாட்டாள். பக்கத்தில் பைலோடு ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் இளையவரிடம்தான் கேள்வி கேட்பாள். வழக்கு அவர் தலையில்தானே விடியப்போகிறது! மூன்று பேர் வந்த கூட்டத்துக்கு ஐந்து பேர் பெயரில் பில் வந்தால், வராத இரண்டு பேரும் சௌக்கியமா என்று போன் போட்டு விசாரிப்பாள். காய்கறிக்காரரிடம்கூட இவள் முன்அனுபவம் கேட்பாள் என்பார் கணவர்.

அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் வினையாக வந்தது. நிறுவனத்தின் கிடங்கில் அடுக்கு சரிந்து ஒரு தொழிலாளி இறந்துபோனார். அவர் மனைவி வழக்குப் போடப்போவதாகப் பேச்சு அடிபட்டது. விபத்து வழக்கு நடத்தத் தெரிந்தவர்கள் ஊரில் யார் யார் என்று பிரிவின் தலைவர் சல்லடையைக் கேட்டார். சொன்னாள். ஆளுக்கொரு சின்ன வேலை கொடுத்துவிடு என்றார். நம்மிடம் வேலை பெற்ற வக்கீல் நமக்கு எதிராக நிற்க முடியாது, அது தொழில் விதி. ஒருவருக்குக் குத்தகைப் பத்திரம், இன்னொருவருக்கு விளம்பர வாசகம் என்று படித்துக் கருத்துச் சொல்லக் கொடுத்தாள். சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. பாராட்டுகூடக் கிடைத்தது.

சில வாரம் கழித்து அந்தம்மா வரவேற்பறையில் வந்து உட்கார்ந்துவிட்டார். கீழே போக எல்லோரும் தயங்க, சல்லடைதான் போனாள். அந்தம்மா அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. அறுந்த செருப்பு வாரை ஊக்கால் குத்தியிருந்தார்.

"எந்த வக்கீல்கிட்ட போனாலும் நாங்க உங்க கம்பெனி ஆளுங்கன்னு சொல்லிடறாங்கம்மா. கேஸ் போட இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்காம். உங்க ஆளா இல்லாத ஒருத்தரை நீங்களே சொல்லுங்க."

அப்படி ஒருவர் இருந்தார். மருந்துக்கடை மாடியில் தனியாகத் தொழில் நடத்திய பெண் வக்கீல். சின்ன இடம் என்று சல்லடையே என்றோ கழித்துவிட்ட ஆள். பெயர் நாக்கு நுனிவரை வந்தது. காவலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியலைங்க" என்றாள்.

மறுநாள் தலைவர் கூப்பிட்டு, யார் பெயராவது விட்டுப்போயிற்றா என்று கேட்டார். இல்லை என்று சொன்னால் தீர்ந்தது, யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் தன் வேலையில் ஓட்டை இருப்பதை அவளால் தாங்க முடியாது. பாழாய்ப்போன அந்தத் திமிர், மருந்துக்கடை மாடியைச் சொல்லிவிட்டது. சாயங்காலத்துக்குள் அங்கேயும் ஒரு பத்திரம் போய்ச் சேர்ந்தது. இவ்வளவு பெரிய இடத்து வேலை தனக்கு வந்ததே இல்லை என்று அந்த வக்கீல் போனில் நெகிழ்ந்துபோனார்.

அதன் பிறகு கூட்டத்தில் யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது, நடுவில் அந்தம்மா குரல் 'நீங்களே சொல்லுங்க' என்று கேட்கும். திரும்பிப் பார்ப்பாள். குழாயைத் திறந்தாலும் அதே குரல். பயமாக இருந்தது. யாரிடம் சொல்வது, என்னவென்று சொல்வது?

ஒரு நாள் வேலைக்குப் போகும் வழியில் பேருந்து அந்த மருந்துக்கடை எதிரே நின்றது. ஜன்னலோரம் இருந்த அவளை அந்தம்மா பார்த்துவிட்டார். மாடிப்படியில் ஒரு கால் வைத்திருந்தவர், இறங்கி ஜன்னலடிக்கே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நானே ஒருத்தரைக் கண்டுபிடிச்சிட்டேன்மா" என்று மாடியைக் காட்டினார்.

நல்லது என்று சல்லடை தலையாட்டினாள். பேருந்து கிளம்பியது.