மதியக் கோடு

நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் எல்லோரும் அவளை முள்ளக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சுழலும் காகிதத்தில் கோடு போடும் முள்ளைக் கண்கொட்டாமல் பார்த்திருப்பது அவள் வேலை. பேச்சும் கொஞ்சம் குத்தும். பூமிக்கடியில் பெரிய பெரிய பாறைத் தட்டுகள் வருஷக்கணக்காக ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டே இருக்கும்; தாங்கமாட்டாமல் ஒருநாள் சட்டென்று சறுக்கும்போது முள் துள்ளும். பக்கத்தில் யாராவது அழுத்தி நடந்தாலும் துள்ளும்.

மதியம் சாப்பாடு கொண்டுவரும் அவள் கணவருக்கு ஒரு கால் இழுப்பு. அவர் படியேறினாலே காகிதத்தில் ஒரு பெரிய அலை, ஒரு சின்ன அலை. அதன் பக்கத்தில் அவள் பென்சிலால் ‘பூமி இல்லை’ என்று எழுதிவைக்க வேண்டும்.

ஒருநாள் எரிந்து விழுந்தாள். “எத்தனை தடவைங்க சொல்றது? இனிமே கேட்லயே வெச்சிட்டுப் போங்க!”

“சரிம்மா, எரிமலை அடங்கட்டும்” என்று சிரித்தார். மறுநாளிலிருந்து டப்பா கேட்டில் இருந்தது. அவள் தனியாகச் சாப்பிட்டாள். கோடு சுத்தமாக வந்தது.

மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து அவர் போய்விட்டார். வேலைக்குத் திரும்பிய அன்று, அவர் போவதற்கு முந்தின நாள் காகிதத்தையும் போனதற்கு அடுத்த நாள் காகிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். மதிய நேரத்தின்மேல் விரலை ஓட்டினாள்.

இரண்டிலும் ஒரே கோடு. மனுஷன் இருந்த நாள் எது, இல்லாத நாள் எது என்று அவளுக்கே தெரியவில்லை.