கடைசி வரியில் இருந்த யானை

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது எனக்கு. வயது அறுபத்தெட்டு. மில் வேலை முடிந்தபின் மாலை வகுப்பில் கற்றுக்கொண்டேன். இந்தப் பதிவைப் போனில் தட்டி முடிக்க நாலு நாள் ஆனது. தட்டுவதே சந்தோஷமாக இருக்கிறது, என்ன செய்ய!

என் மனைவி சரசுவுக்குத் தை மாதம் முழங்காலில் ஆபரேஷன். நடக்க ஆரம்பித்ததும் ஆனைமலை மாசாணியம்மனைப் பார்க்க வருவதாக வேண்டியிருந்தாள். ஆவணியில் கிளம்பினோம். செவ்வாய், வெள்ளியில் கூட்டம் நெரியும் என்று இணையத்தில் பலர் எழுதியிருந்தார்கள். புதன்கிழமை போனோம். நல்ல யோசனைதான்.

இரவு தங்க, மலையடிவாரத் தோப்பு ஒன்றில் அறை பிடித்தேன். வாடகை 1,800 ரூபாய். அதைப் பற்றித் தமிழில் இருந்த விமர்சனங்களை எல்லாம் படித்தேன், ஒன்றைத் தவிர. அது மிக நீளம். ஐந்து நட்சத்திரம் போட்டவர் பயப்படும்படி என்ன எழுதிவிடப்போகிறார் என்று வண்டியில் படிக்க மிச்சம் வைத்தேன்.

நாங்கள் குடியிருக்கும் உக்கடத்திலிருந்து கோயில் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். ஓட்டுநர் பாஷா எங்கள் பக்கத்துத் தெரு. இரண்டு நாளுக்கு 6,000 ரூபாய், பேட்டா தனி. தரிசனம் முடிய மாலை ஐந்தரை ஆகிவிட்டது. விடுதிக்குப் போக மேப் ஒரு வாய்க்கால் கரையைக் காட்டியது.

"இந்த வழி சரிதானுங்களா பாஷா?"

"இதுல போனா நாலு கிலோமீட்டர் மிச்சமுங்கய்யா. அம்மாவுக்கும் கால் வலிக்குமில்லீங்க."

கரையில் ஏறியதும் நீள விமர்சனத்தை உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். அறை சுத்தம். கட்டில் அகலம். இட்டிலி பஞ்சு மாதிரி.

"நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள அந்த இட்டிலி ஆறிப்போயிருமுங்க" என்றாள் சரசு. பாஷா சிரித்தார்.

கடைசி வரிக்கு வந்தேன். 'மேப் காட்டும் வாய்க்கால் கரையில் வராதீர்கள். பொழுது சாய்ந்தால் யானை இறங்கும். வண்டி திருப்ப இடமில்லை.'

இடப்பக்கம் வாய்க்கால் நிறையத் தண்ணீர். வலப்பக்கம் முள்கம்பி வேலி. பாஷா வண்டியை நிறுத்தினார். முன்னால் கிடந்த சாணத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"இப்பப் போட்டதுங்க" என்றார் மெதுவாக.

தென்னை நிழல் என்று நான் நினைத்திருந்தது காதை ஆட்டியது. ஐம்பது அடிகூட இருக்காது. பாஷா விளக்கை அணைத்தார். நான் எப்படியாவது வேலியில் நுழைந்துவிடுவேன். சரசுவால் ஓட முடியாது. அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

"வந்துச்சுன்னா நீங்க ஓடிப்போயிருங்க."

"வாய மூடு புள்ள."

வண்டி பின்னால் நகர்ந்தது. இடப்பக்கம் பாஷாவுக்குத் தெரியவில்லை. சரசுதான் ஜன்னலில் தலையை நீட்டி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வழி சொன்னாள். "ரெண்டு சாண் அந்தப் பக்கம் கண்ணு... ஆங், போதும்." சக்கரம் தள்ளிய கல் தண்ணீரில் விழும்போதெல்லாம் யானை எங்களை நோக்கித் திரும்பியது. ஒருமுறை ஓர் அடி எடுத்து வைத்தது. சரசு என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் விரல் பதிந்த தடம் மறுநாளும் இருந்தது. பிறகு யானை ஒரு தென்னை மட்டையை இழுத்துத் தின்னத் தொடங்கியது. நாங்கள் வண்டியைப் பின்னோக்கியே நகர்த்தித் தார்ச்சாலையைப் பிடித்தோம்.

விடுதியில் இட்டிலி சூடாகவே இருந்தது. என்னால் ஒன்றுக்கு மேல் விழுங்க முடியவில்லை.

போகிறவர்களுக்கு: மாலை ஐந்து மணிக்குள் கோயிலிலிருந்து கிளம்பிவிடுங்கள், சேத்துமடை போகும் தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள். நட்சத்திரத்தை நம்பி விமர்சனத்தைப் படிக்காமல் விடாதீர்கள்.

மறுநாள் காலை என் முதல் விமர்சனத்தை எழுதினேன். முதல் வரி: 'வாய்க்கால் கரையில் வராதீர்கள். யானை.' இட்டிலியைப் பற்றி அதற்குக் கீழே. நீங்களும் அப்படியே எழுதுங்கள். ஏதோ ஒரு வண்டியில் என்னைப் போல ஒருவர் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் ஓட முடியாத ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்.