காலியாக விட்ட கோல்

பெங்களூரில் ஹாக்கி மட்டையோடு பஸ் ஏறும் பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கண்டக்டர் மட்டும், "ஸ்வல்ப, கொஞ்சம் உள்ள தள்ளி வைம்மா, கால்ல இடிக்குது" என்பார். வேலூரில் நான் தனியாகக் கடைத்தெருவுக்குப் போனாலே, வீடு திரும்பும் முன் அம்மாவுக்குச் செய்தி எட்டிவிடும். டிப்ளமா முடித்து இங்கே ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்து இரண்டு வருடமாகியும், இந்த அலட்சியம் எனக்குப் புதிதாகவே இருக்கிறது. நல்ல அலட்சியம்.

தொழிற்சாலையின் பெண்கள் அணிக்கு நான் கோல்கீப்பர். இயந்திரம் பொருத்த வந்த கனடாக்காரர் ஒருவர் அதைக் கேள்விப்பட்டு, தங்கள் ஊரில் பனிக்கட்டி மேல் ஆடும் ஹாக்கியில் கடைசி நேரத்தில் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிடுவார்கள் என்றார். "பாவம், என்ன தப்பு செய்தார்?" என்று கேட்டேன். எங்கள் வீட்டில் ஒருவரை வெளியே போகச் சொன்னால் அது தண்டனைதான். அவர் சிரித்துவிட்டு, வரைபடத் தாளின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினார். நான் வரிசை போட்டுக் குறித்துக்கொண்டேன். ஒன்று, ஆட்டம் முடிய ஓரிரு நிமிடமே இருக்க வேண்டும். இரண்டு, நாம் பின்தங்கியிருக்க வேண்டும், பெரும்பாலும் ஒரு கோல். மூன்று, அவர்கள் பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு நம் வசம் இருக்க வேண்டும். அப்போது காவல் நிற்பவரை எடுத்துவிட்டு, தாக்க ஓர் ஆளைக் கூடுதலாக இறக்குவார்கள். வெறும் கோலில் எதிரி அடித்துவிட்டால்? ஒன்றில் தோற்றாலும் இரண்டில் தோற்றாலும் தோல்விதானே என்றார்.

போன சனிக்கிழமை அக்காவின் கணவர், மாமா, என்னை அழைத்துப்போக வந்தார். எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டார் வேலைக்குப் போகும் பெண் வேண்டாம் என்றார்களாம். ராஜினாமாக் கடிதத்தை அப்பாவே எழுதி அனுப்பியிருந்தார். என் கையெழுத்து மட்டும் பாக்கி. மாலை ரயிலுக்கு இரண்டு டிக்கெட். "மேட்ச் முடிஞ்சதும் கிளம்பிடலாம்" என்று சொல்லி மைதான ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசி நிமிடங்களில் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். எங்கள் அணியில் இறக்க மாற்றாள் யாரும் இல்லை. கால் பேடுகளை அவிழ்த்து எறிந்துவிட்டு நானே முன்னால் ஓடினேன். கேப்டன் மேரி, ஆஸ்டின் டவுன்காரி, அலறினாள்.

"ஏய், நீ எங்கடி வர்ற? கோல்ல யாரு?"

"யாரும் இல்ல. பந்தைத் தள்ளு!"

"பைத்தியம்!" என்றபடியே தள்ளினாள்.

நான் அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. எதிரணிப் பெண் ஒருத்தி அதை எடுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் போய், காலி கோலுக்குள் உருட்டிவிட்டாள். மைதானமே சிரித்தது. இதைப் படிக்கும் நீங்களும் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அதே நிலை மறுபடி வந்தால் மறுபடி ஓடுவேன்.

"இருந்த இடத்துல இருந்திருந்தா ஒரு கோலோட போயிருக்கும்" என்றார் மாமா.

"ஒரு கோல்ல தோத்தா கப்பு குடுத்துடுவாங்களா மாமா? நான் வரல. கையெழுத்தும் போடமாட்டேன்."

"அப்பாகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"கம்பத்துல பட்டுடுச்சு, இன்னும் அடிச்சுட்டிருக்கான்னு சொல்லுங்க."

பேடுகளைத் தோளில் மாட்டிக்கொண்டு மாமாவை வழியனுப்ப ஸ்டேஷன் வரை போனேன். மாமா ஜன்னலோரத்து இடத்தில் தன் துண்டை விரித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கூட்டத்தில் ஒருவர், "இங்க யாரும் இல்லயா சார்?" என்று கேட்டார்.

"ஆள் வருது" என்றார் மாமா, என்னைப் பார்க்காமல்.

வண்டி நகர்ந்தது. துண்டு விரித்த என் இடம் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் பிளாட்பாரத்தில் நின்றிருந்தேன். திங்கட்கிழமை காலை ஷிப்ட்.