கறுப்புப் பாணுக்குள் மீன்

கலியாணம் கட்டிக் கனடாவில் மொன்றியலுக்கு வந்து அது எனக்கு இரண்டாவது பனிக்காலம். அவருக்குத் துறைமுகத்தில் கொண்டெய்னர் ஏற்றிக்கொண்டு ஒன்ராறியோவின் வடக்குப் பக்கம் போகிற ட்ரக் வேலை. திங்கட்கிழமை விடியப் போனால் வெள்ளியோ சனியோதான் வருவார். இடையில் ஒரு போன் கிடையாது. கையில் செல்போன் இருந்தது, ஆனால் அது கொம்பனிக்காரர் எடுப்பதற்கு மட்டும். "ஏன் எடுக்கேல்லை?" என்று கேட்டால், "எடுத்து என்னத்தைக் கதைக்கிறது?" என்பார். வாய்க்குள் கொழுக்கட்டையோடு பிறந்த மனுஷன்.

எனக்குக் கோபம் வரும். கோபிக்கவும் எதிரில் ஓர் ஆள் வேண்டுமே! அஹுன்ட்சிக் என்கிற பகுதியில் ஒரு மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு நான் சுவரோடு சண்டை பிடித்தேன். சில நாள் ஒரு தமிழ்ச் சொல்லும் வாயிலிருந்து வராமலே பொழுது போய்விடும். ரேடியோவில் செய்தி வாசிப்பவருக்கு "ஓம், ஓம்" என்று பதில் சொல்லியிருக்கிறேன். விசர் பிடிக்காதது என் நல்ல காலம்.

பகலில் பிரெஞ்சு வகுப்புக்குப் போனேன். டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு முந்தின நாள், ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவரச் சொன்னார்கள். என் உழுந்துவடை வைத்த கையோடு முடிந்துவிட்டது. பக்கத்துக் கதிரைக்காரி பின்லாந்துக்காரி, என் வயதுதான். அவள் சுட்டுக் கொண்டுவந்த உருண்டை ரொட்டியை, அந்தக் கறுப்புப் பாணை, ஒருவரும் தொடவில்லை. பார்க்க அம்மிக்கல் மாதிரி இருந்தால் யார் தொடுவார்கள்? கடைசியில் அவளே கத்தியை எடுத்தாள். பாணின் மேற்பக்கத்தை வட்டமாக வெட்டி, பானை மூடியைப் போலத் தூக்கினாள். உள்ளே நெருக்கமாக அடுக்கிய சின்ன மீன்கள்! கோதாரி, மீன் எப்படி உள்ளே போனது?

'கலகுக்கோ' என்று பெயர் சொன்னாள். மிச்சத்தை அரைகுறைப் பிரெஞ்சிலும் கையாலும் விளக்கினாள். அவளுடைய ஊரில் காட்டுக்கு மரம் வெட்டப் போகிற ஆம்பிளைகள் கொண்டுபோவது. நாட்கணக்கில் பழுதாகாது. சூடாக்கத் தேவையில்லை. வெட்டும் வரை மணக்காது.

மணக்காது என்றதும் எனக்குள் ஏதோ துள்ளியது. நான் கட்டிக் கொடுத்த மீன்குழம்பும் சோறும் ட்ரக் முழுக்க மணக்குது என்று அவர் வேண்டாமென்று நிறுத்தியிருந்தார். வழி நெடுக பொரித்த உருளைக்கிழங்குதான் அவருக்குச் சாப்பாடு. என் கைச்சாப்பாடும் போகாவிட்டால், அந்த ஐந்து நாளும் எனக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

விடுமுறை முடிந்த பிறகு ஒரு ஞாயிறு, அவர் ட்ரக்கைத் திருத்தவென்று பகல் முழுக்க வெளியில் போயிருந்தபோது, அவள் என் குசினிக்கு வந்தாள். ரை என்கிற கறுப்பு மாவைக் குழைத்தோம். அவள் பன்றிக் கொழுப்பு வைக்கச் சொன்ன இடத்தில் நான் வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்து வைத்தேன். அவள் மூக்கைச் சுளித்தாள், பிறகு விரலால் தொட்டு நக்கிவிட்டு இன்னொருமுறை தொட்டாள். மீனை அடுக்கி, மாவால் மூடி, ஈரக்கையால் வெடிப்பெல்லாம் தடவி அடைத்தோம். போறணையில் மெல்லிய சூட்டில் பின்னேரம் வரை கிடந்தது. முள்ளுகூடக் கரைந்துவிடும் என்றாள்.

விடிய அவர் சப்பாத்துப் போடும்போது பையை நீட்டினேன்.

"என்னது?"

"பாண்."

அவ்வளவுதான் சொன்னேன். வேண்டுமென்றுதான் சொல்லாமல் விட்டேன். வெட்டிப் பார்த்து உள்ளே மீனைக் கண்டால் எந்த ஊமையும் வாய் திறப்பான். "அடியே, என்னடி இது?" என்று கேட்கவாவது ஒரு போன் எடுக்கத்தானே வேண்டும்? அந்த ஒரு போன்தான் எனக்கு வேண்டியிருந்தது.

திங்கள் போனது. செவ்வாய் வகுப்புக்குப் போகாமல் போனுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். புதன் ஒருமுறை மணி அடித்தது. ஓடிப்போய் எடுத்தால், கம்பளம் கழுவித் தருகிறோம் என்று ஒருத்தி. நானே எடுத்திருக்கலாம். மாட்டேன், அவர் எடுக்கட்டும் என்று வீம்பு. வியாழன் இரவு, அவருக்கு அந்த மீன் பிடிக்கவில்லை போல என்று நினைத்து அழுதேன்.

சனி மத்தியானம் வந்தார். முகம் வற்றிப் போயிருந்தது. வடக்கே பனிப்புயலில் றோட்டை மூடிவிட்டார்களாம். ஒரு பகலும் இரவும் ட்ரக்குக்குள்ளேயே, ஒரு சிப்ஸ் பக்கற்றோடு.

"ஒரு போன் எடுத்துச் சொல்லியிருக்கலாமே!"

"சொல்லி உன்னையும் ஏன் பயப்படுத்த வேணும்?"

பையை மேசையில் வைத்தார். பாண் முழுசாக அப்படியே இருந்தது.

"கல்லு மாதிரிக் கிடந்தது. வெறும் பாணை என்னண்டு தின்னுறது?"

எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பசியோடு ஓர் இரவு முழுக்க அதைப் பக்கத்துச் சீற்றில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார், மனுஷன்! கத்தியை எடுத்து அவருக்கு முன்னால் மூடியை வெட்டித் தூக்கினேன். மீன் வாசம் எழும்பியது. அவர் குனிந்து பார்த்தார். கை கழுவக்கூட எழும்பவில்லை, கரண்டியை எடுத்துத் தின்னத் தொடங்கினார். பாதி முடிந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"உள்ளுக்கு மீன் இருக்கெண்டு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா போன் எடுத்திருப்பீங்களோ?"

அவர் பாணின் சுவரில் ஒரு துண்டு பிய்த்து என் பக்கம் தள்ளினார்.

அடுத்த புதன்கிழமை பின்னேரம் போன் அடித்தது. கம்பளக்காரி என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"சும்மாதான் எடுத்தனான்," என்றார்.

"ம்."

பிறகு என்ன கதைப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் நாங்கள் அதைப் பழகவேயில்லை. அவருடைய பக்கத்தில் வைப்பர் அடிக்கிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.