இலவச வரவு

என் வீட்டுக்காரர் ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் கணக்கு எழுதுகிறார். அங்கே எழுதுவது போதாதென்று வீட்டுக் கணக்கையும் கம்ப்யூட்டரில் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று வைத்திருக்கிறார். லாட்ஜில் தங்கியவர்கள் பாதி தேய்த்துவிட்டுப் போன சோப்பைக் கொண்டுவருவார். அதற்கு முழுக் கடை விலை போட்டு, பற்றில் 'வீட்டுச் செலவு' என்றும் வரவில் 'இலவசம்' என்றும் ஏற்றிவிட்டுத்தான் குளிக்கப் போவார். அதில் ஒட்டியிருக்கும் யாரோ ஒருவருடைய முடியை நான் பிய்த்து எறிய வேண்டும். குமட்டிக்கொண்டு வரும்.

சோப்பு தொலையட்டும். நான் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோது வெள்ளக்கடை கிராமத்திலிருந்து அம்மா வந்தாள். எஸ்டேட் கூலியை விட்டுவிட்டு வந்தவள். பத்தியச் சோறு பொங்கினாள், பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள், பீத்துணி அலசினாள். இவர் சமையல்காரிக்கு என்ன சம்பளம், ஆயாவுக்கு என்ன சம்பளம் என்று கடைவீதியில் விசாரித்து வந்து அதையும் இலவசத்தில் ஏற்றினார். என்னைக் கூப்பிட்டு வேறு காட்டினார். பெருமையாம்! சோப்புக்கு அடுத்த வரியில் என் அம்மா இருந்தாள்.

போன மழையில் அம்மா எஸ்டேட் சரிவில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். அங்கே பார்த்துக்கொள்ள யாருமில்லை. இங்கே கூட்டிவந்துவிடலாம் என்றேன். செலவு தாங்காது என்று இவர் முகத்தைச் சுளித்தார்.

"ஏனுங்க, அம்மா செஞ்சதையெல்லாம் நீங்கதான எழுதி வெச்சிருக்கறீங்க? அதுல கழிச்சுக்கோங்க."

"அது கடன் இல்ல, வருமானம். வருச முடிவுல வருமானத்த மூடிப் பூஜ்யமாக்கிருவோம். இப்ப உங்கம்மா பேர்ல பாக்கின்னு ஒன்னுமே கெடையாது."

பாடம் நடத்துவதுபோலப் பொறுமையாகச் சொன்னார். கணக்குப்படி அது சரியாகவும் இருந்தது.

"அப்ப நான் பொங்கிப் போடறது எதுலங்க இருக்குது?"

"அதுவும் இலவசந்தான்," என்றார், கொஞ்சமும் கூசாமல்.

மறுநாள் ஜீப் பிடித்துப் போய் அம்மாவைக் கூட்டிவந்து, இவர் படுக்கும் கட்டிலிலேயே படுக்க வைத்தேன்.

"மாப்ள ஒன்னுஞ் சொல்லலியா சாமி?" என்றாள்.

"நீ படும்மா," என்றேன்.

அம்மாவுக்கும் பிள்ளைக்கும் எனக்கும் மட்டும் உலை வைத்தேன். இவர் லாட்ஜில் மிஞ்சியதைத் தின்றுவிட்டு வரட்டும். அதை எழுதிக்கொள்ள அவரிடம்தான் ஒரு தலைப்பு இருக்கிறதே.