அங்கன்வாடி வாசலில் 36 செருப்புகள்

2025 ஜூலை 14, காலை 10.40, லேசான தூறல். எங்கள் நகர் அங்கன்வாடிக்குக் கூடுதல் அறை கட்ட அரசு நிதி கேட்டு, குடியிருப்போர் சங்கம் சார்பில் மனு எழுதினேன். வாசலில் 36 சின்னச் செருப்புகள் கிடந்தன. ஆக 18 குழந்தைகள் என்று குறித்து, தாம்பரத்தில் உள்ள அலுவலகத்தில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

அங்கன்வாடி ஆயாவிடம் சொன்னதும் திகைத்தார். "இன்னா சார், செருப்பையா எண்ணுனீங்க? பதிமூணு பசங்க அம்மா இடுப்புல வருதுங்க. கம்மியா காட்டுனா ரூமு வேற சென்டருக்குப் போயிடும்."

உடனே ஆட்டோவில் ஓடினேன். எழுத்தர் மனுக்களைக் கட்டிக்கொண்டிருந்தார். "செருப்புக் கணக்கா பெரியவரே?" என்று சிரித்தபடி கட்டைப் பிரித்தார். 31 என்று திருத்திக் கையெழுத்திட்டேன். சில மாதங்களில் நிதி வந்துவிட்டது.

இப்போதெல்லாம் உள்ளே போய்த் தலைகளை எண்ணிய பிறகே எழுதுகிறேன். அன்று ஆட்டோவுக்குப் போக வர 260 ரூபாய் செலவு.